இடது கன்னத்தில் நாலு மணி

நான் எழுத்துக் கூட்டிப் படித்தது அரிக்கேன் விளக்கிலும் இல்லை, தெரு விளக்கிலும் இல்லை, என் அம்மாவின் இடது கன்னத்து வெளிச்சத்தில்தான். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். பாத்திக்கரைக்காரர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களில் பாதிப் பேர் அந்தக் கன்னத்துக்குக் கீழே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கியவர்கள், ஊசியில் நூல் கோத்தவர்கள், பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தவர்கள், மீதிப் பேர் அந்த இடம் கிடைக்காமல் சண்டை போட்டுவிட்டுப் போனவர்கள்.

பாத்திக்கரை தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில், உப்புக்காகவே உண்டான ஊர். பார்த்த இடமெல்லாம் பாத்தி, பாத்தியெல்லாம் கடல் தண்ணீர், தண்ணீரெல்லாம் வெயிலில் காய்ந்து உப்பாகி, பெண்கள் அதைச் சுமந்துபோய் மேட்டில் கொட்டக் கொட்ட, மேடெல்லாம் வெள்ளை வெளேரென்று அம்பாரம் அம்பாரமாக நிற்கும். அந்த வெள்ளையைப் பார்த்துக் கண் கூசாத ஆள் ஊரில் இல்லை. ஆனால் போட்டோ எடுக்க அதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது என்று ஞானாதிக்கம் அண்ணாச்சி சொல்வார். ஊருக்கு அவர் ஒருவர்தான் போட்டோக்காரர். பஜாரில் விடிவெள்ளி ஸ்டுடியோ வைத்திருந்தார், ஆனால் முக்கியமான படங்களை அதற்குள் எடுக்க மாட்டார். உச்சி வெயில் கொலைகாரன், கண்ணுக்குக் கீழே குழி தோண்டிவிடும் என்பார். பிளாஷ் போலீஸ்காரன் மாதிரி, மூஞ்சியில் ஓர் அறை விட்டுவிட்டுப் போய்விடும் என்பார். நாலு மணி வெயில்தான் மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, சொன்ன இடத்தில் அடக்கமாக உட்காரும், உப்பு அம்பாரமும் அதோடு சேர்ந்துகொண்டால் கீழேயிருந்து ஒரு வெளிச்சம் எழும்பி முகத்தில் இருக்கிற கவலையையெல்லாம் துடைத்து எடுத்துவிடும் என்பார். எங்கள் ஊரில் போட்டோவைப் பார்த்து மட்டும் யாரும் பெண்ணெடுக்கக் கூடாது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதற்குக் காரணமும் அவர்தான்.

சந்தனமாரிக்கும் சுயம்புலிங்கத்துக்கும், அதாவது என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும், ஒரு சித்திரை மாதம் கல்யாணம் நடந்தது. காலையில் தாலி கட்டி, மத்தியானம் பந்தி முடிந்து, சாயங்காலம் நாலு மணிக்கு மொத்தக் கல்யாண வீடும் படம் பிடிக்க உப்பு மேட்டுக்கு நடந்து போனது. ஒரு மர நாற்காலியை அம்பாரத்துக்குப் பக்கத்தில் போட்டு அம்மாவை உட்கார வைத்தார் ஞானாதிக்கம் அண்ணாச்சி. வெயில் வலது பக்கம் பின்னாலிருந்து வந்தது. தலைமுடியில் பொன்னாக விழுந்தது, ஆனால் இடது கன்னம் நிழலாகிப் போனது. அந்த நிழலை எடுக்க ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து, வெயிலை அதில் வாங்கி முகத்தில் அடிக்க வேண்டும். துணி பிடிக்கிற ஆள் பந்தியில் பாயசத்தை அளவில்லாமல் குடித்துவிட்டு எங்கோ படுத்துக் கிடந்தார். அண்ணாச்சி அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையே முன்னால் வந்தார்.

"குடுங்க அண்ணாச்சி, நான் பிடிக்கேன்."

"மாப்ள, நீரு படத்துல நிக்க வேண்டிய ஆளுல்லா?"

"மொதல்ல பொண்ணத் தனியா எடுப்பீயள்லா. பொறவு ஜோடியா எடுக்கும்போது அந்தப் பாயசத்தக் கூட்டிட்டு வருவோம்."

சீராக வந்த புது எட்டு முழ வேட்டியை உதறி, இரண்டு கையாலும் மேல் ஓரத்தைப் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்தி அப்பா நின்றார். அம்மாவின் இடது கன்னத்தில் விளக்கு ஏற்றின மாதிரி வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. "அசையாத தாயி, நான் போதும்னு சொல்லுத வரைக்கும் இமை தட்டப்படாது" என்றார் அண்ணாச்சி. அம்மா அசையவில்லை. காமிரா கிளிக்கென்றது. அந்தச் சத்தத்தோடு சத்தமாக மேற்குப் பாத்தியிலிருந்து "மழ! மழ!" என்று ஒரு கூப்பாடு கேட்டது.

சித்திரையில் மழை வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். எங்கள் ஊரில் தலையில் அடித்துக்கொள்வார்கள், அத்தனை நாள் விளைந்த உப்பு அரை மணி நேரத்தில் கரைந்து வந்த வழியே கடலுக்குப் போய்விடும். எனவே பட்டுச் சேலை கட்டியவர்கள், பட்டு வேட்டி கட்டியவர்கள், நாதஸ்வரக்காரர், சமையல்காரர், பெண்ணைப் பெற்றவர்கள், பிள்ளையைப் பெற்றவர்கள், எல்லாரும் ஓலைக் கீற்றுகளைத் தூக்கிக்கொண்டு அம்பாரங்களை மூட ஓடினார்கள். அப்பா வேட்டியைப் போட்டுவிட்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினார். ஞானாதிக்கம் அண்ணாச்சி காமிராவைச் சட்டைக்குள் பொதிந்துகொண்டு ஓடினார். போதும் என்று சொல்ல ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மழை ஓய்ந்து, உப்பு பிழைத்து, இருட்டுகிற நேரத்தில்தான் பெண் எங்கே என்று தேடினார்கள். பெண் நாற்காலியில்தான் இருந்தாள். பட்டுச் சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்க, பூ தலையிலிருந்து நழுவித் தோளில் கிடக்க, சொன்னபடி கண் திறந்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சூரியன் போய்விட்டது. அவள் இடது கன்னத்திலிருந்து மட்டும் நாலு மணி வெயில் போகவில்லை.

அன்றைக்கு நடந்த வைத்தியங்களைப் பெரியம்மை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பெரியம்மை என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. முதலில் முந்தானையால் துடைத்துப் பார்த்தார்களாம், பிறகு கடலைமாவு போட்டுக் கழுவினார்களாம், பிறகு அம்மன் கோயில் பூசாரி திருநீறு போட்டார், அது வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரிந்ததுதான் மிச்சம். மாதா கோயில் சாமியார் அந்த வழியாக சைக்கிளில் போனவர் இறங்கி வந்து தண்ணீர் தெளித்தார், கன்னத்தில் ஒரு சின்ன வானவில் தோன்றி மறைந்தது. கடைசியில் பெரியப்பா, "வெளிச்சந்தான, வியாதி இல்லல்லா? ரசம் ஆறிப் போகுது, வாங்க" என்றார். எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஊருக்கு அது பழகிவிட்டது. அம்மாவின் வலது பக்கம் எல்லாரையும் போல விடிந்து, இருட்டி, அமாவாசையில் அடையாளம் தெரியாமல் போகும். இடது பக்கம், நெற்றியிலிருந்து தோள் வரைக்கும், எப்போதும் சாயங்காலம் நாலு மணி. உப்பு வாரப் பெண்கள் விடியுமுன்னே போகவேண்டும், அம்மாவை முன்னால் நடக்கவிட்டு மற்றவர்கள் இடது பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி வருவார்கள், அதனால் எங்கள் ஊர் வரப்புகளில் இடது பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். கோழிகளுக்குத்தான் தாங்க முடியவில்லை. நாலு மணி இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு ராத்திரி சாப்பாடு வரைக்கும் முற்றத்தில் கிளறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூண்டில் போட்டால்தான் உண்டு. அடுக்களை ஜன்னலுக்கு வெளியே அந்திமந்தாரைச் செடி இருந்தது. மற்ற வீட்டுச் செடிகள் நாலு மணிக்குப் பூத்துக் காலையில் வாடும். அது மட்டும் வாட நேரமில்லாமல் பூத்தபடியே நின்றது.

கரண்ட் போனால் எங்கள் வீட்டு முற்றத்தில் கூட்டம் சேரும். வலது பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆகவே அம்மாவை நடு நடுவே திரும்பி உட்காரச் சொல்வார்கள். அம்மா திரும்புவாள். ஒருத்தி பரீட்சைக்குப் படித்துத் தேறியதும், ஒருத்தி தொலைத்த மூக்குத்தியைத் தேடி எடுத்ததும், இரண்டு குடும்பங்கள் முகம் பார்த்துப் பேசி ராசியானதும் அந்த வெளிச்சத்தில்தான். ஆனால் ஒருவரும் அந்தக் கன்னத்தை நேராகப் பார்த்தது கிடையாது. பார்க்க முடியாது. வெயிலில் நின்று வேலை செய்கிறோம், சூரியனை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்?

ஊரில் ஒரு வழக்கமும் உண்டானது. போட்டோக்காரர் வாய் திறந்து போதும் என்று சொல்லாமல் பாத்திக்கரையில் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். வோட்டர் கார்டுக்குப் படம் எடுக்கப் பள்ளிக்கூடத்தில் வந்து இறங்கியவர்கள் பிளாஷ் அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட, முதல் ஆள் இமை தட்டாமல் அப்படியே உட்கார்ந்திருக்க, இந்த ஊரில் எல்லாருக்கும் காது கேட்காதோ என்று அவர்கள் பயந்துபோனார்கள். டார்ச் லைட்டை அணைத்தாலும் அதைப் பார்த்து மெல்ல ஒரு போதும் சொல்லித்தான் அணைப்போம். ஆனால் என் அம்மாவுக்கு எதிரே மட்டும் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டில் சோறு பரிமாறினால் இலைக்கு மேலே கையைக் குறுக்கே காட்டுவார்கள். ஞானாதிக்கம் அண்ணாச்சி எங்கள் தெருப் பக்கமே வருவதை விட்டுவிட்டார். வாய் தவறிச் சொல்லிவிட்டால் என்ன ஆவது?

ஏன் அப்படி என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் அப்பா.

அந்த ஜோடிப் படம் எடுக்கப்படவே இல்லை. அடுத்த வாரம் போவோம் என்றார்கள், உப்பு விளைச்சல் முடியட்டும் என்றார்கள், தலைப் பிள்ளை பிறக்கட்டும், மூன்று பேருமாகச் சேர்ந்து எடுத்துக்கொள்வோம் என்றார்கள். நான் வயிற்றில் இருக்கும்போதே அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். மாலை போடுவதற்கு ஒரு படம் வேண்டுமென்று வீடெல்லாம் தேடினார்கள். எங்கேயும் இல்லை. அப்பா ஒருமுறைகூடக் காமிராவுக்கு முன்னால் நின்றதில்லை. நின்றது அந்த ஒரு நாள்தான், அதுவும் காமிராவுக்கு இந்தப் பக்கம், துணி பிடித்துக்கொண்டு.

ஆகவே எங்கள் வீட்டில் அப்பாவின் திதிக்கு இலை போட்டுப் படைத்து, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, இடது கன்னத்தை இலைப் பக்கம் திருப்பி வைப்பார்கள். அவர் அடித்த வெயில்தானே, அவர்தானே அது. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து அந்த வெளிச்சத்தைக் கும்பிடுவார்கள். பெரியப்பாவுக்குத்தான் சங்கடம். தம்பி பெண்டாட்டியைக் கும்பிடுவதா என்று கூச்சப்பட்டு, "நான் வெளிச்சத்தத்தான் கும்பிடுதேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் கையைக் கூப்புவார். என்னை முன்னால் தள்ளி, "அப்பாவக் கும்பிட்டுக்கோட்டி வெயிலு" என்பார்கள். வெயிலுகந்தாள் என் பெயர். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கும்பிடுவேன். மூடிய இமைக்குள் சிவப்பாகத் தெரியும். மற்ற பிள்ளைகளுக்கு அப்பா என்றால் மீசை, சட்டை, பீடி வாசம். எனக்கு அப்பா என்றால் இமைக்குள் தெரிகிற அந்தச் சிவப்பு. எனக்கு அது போதவில்லை. ஒரே ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தால் தேவலை என்று சின்ன வயதிலிருந்து ஏங்கியிருக்கிறேன். மூக்கு எப்படி, காது எப்படி என்று அம்மாவை நச்சரித்தால், "ஒம் மூக்குத்தான்" என்பாள், இன்னொரு நாள் கேட்டால், "ஒன்ன மாதிரி இல்ல, நல்லா இருப்பாவ" என்பாள்.

அம்மாவிடம் ஒரு கண்ணாடிச் சில்லு இருந்தது. கிரகணம் பார்க்கக் கரி பிடிக்க வைப்பார்களே, அந்த மாதிரி. குளித்து முடித்ததும் தினமும் அதையும் எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் தொங்குகிற முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வருவாள். மை இடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் வளர்ந்தேன்.

எனக்குக் கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போய், தையல் கடை வைத்து, எனக்கே தலையில் வெள்ளை முடி எட்டிப் பார்க்கிற காலத்தில், அம்மா நடக்கும்போது இடது பக்கத்தில் மோதத் தொடங்கினாள். கதவு நிலையில் இடித்தாள், ஆட்டுக்குட்டியை மிதித்தாள், குழம்புச் சட்டிக்கு வெளியே உப்பைப் போட்டாள். பாத்திக்கரைப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தபோது வம்படியாகக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்ன வயசுப் பெண், மதுரைப் பக்கம்.

"ஜன்னலை எல்லாம் சாத்துங்கன்னு சொன்னேன்ல?" என்றார்.

"சாத்தியாச்சு டாக்டர். வெளிச்சம் இந்த அம்மாகிட்டேருந்து வருது" என்றார் நர்ஸ்.

"அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு டாக்டர் குனிந்தார், கண் கூசி நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். பிறகு பக்கத்து வெல்டிங் பட்டறையிலிருந்து கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிவரச் சொல்லி, அதைத் தன் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அம்மாவின் இடது கண்ணுக்குள் நிதானமாகப் பார்த்தார்.

"ஏம்மா, உள்ள ஒருத்தர் வேட்டிய விரிச்சுப் பிடிச்சிட்டு நிக்கிறாரே, உங்களுக்கு வேண்டியவரா?"

"எங்க வீட்டுக்காரவிய" என்றாள் அம்மா, ரேஷன் கடையில் பெயர் சொல்கிற மாதிரி.

கறுப்புக் கண்ணாடியை டாக்டரிடமிருந்து வாங்கிப் பார்த்தேன். அம்மாவின் கருவிழியில், கடுகளவுக்கு, ஒரு வெள்ளை வேட்டி விரிந்து நின்றது. அதன் மேல் ஓரத்தில் இரண்டு கைவிரல் வரிசை தெரிந்தது. கீழே இரண்டு பாதம், உப்பில் வெடித்த குதிகால், மிஞ்சி மாதிரி ஒட்டியிருந்த சேறு. நடுவில் வேட்டிதான். முகம் வேட்டிக்குப் பின்னால் இருந்தது. என் அப்பாவை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். நான் அந்த இடத்திலேயே அழுதேன்.

டாக்டர் நல்ல மாதிரி, அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "வெயிலு நேரா விழுந்து விழுந்து இந்தக் கண்ணு பாதிக்கு மேல போயிருச்சு. வெளிச்சம் போனா மிச்சம் தங்கும். இல்லேன்னா இது முழுசாப் போகும், இதுக்குப் பின்னாடியே வலது கண்ணும் போகும். அவரை வெளிய வரச் சொல்லுங்கம்மா."

வீட்டுக்கு வந்ததும் சண்டை.

"முன்னாலயே தெரியுமாம்மா ஒனக்கு?"

"கரிச்சில்ல வச்சுத் தெனமும் பாக்கேன். தெரியாம இருக்குமா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மொகந்தான் தெரியலயேட்டி. காலக் காட்டி இதுதான் ஒங்கப்பான்னு சொல்லச் சொல்லுதியா?"

"கண்ணு போயிரும்னு சொல்லுதாங்கம்மா."

"போனாப் போவுது. பாக்க வேண்டியவிய உள்ளதான நிக்காவ" என்று சொல்லிவிட்டு அம்மா கோழிகளைப் பிடிக்கப் போனாள், இடது பக்கம் நின்ற அம்மிக்கல்லில் இடித்துக்கொண்டாள், இடிக்காத மாதிரி நடந்தாள்.

எனக்கும் அவள் பிடிவாதம்தான். அவளிடம் கேட்காமல் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனேன். விடிவெள்ளி ஸ்டுடியோ இப்போது மாடி கட்டி, குடை குடையாய் விளக்கு வைத்து, ஞானாதிக்கம் அண்ணாச்சியின் மகள் நடத்துகிறாள். அண்ணாச்சி தடி ஊன்றிக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்து ஊரே எங்கள் முற்றத்தில் கூடிவிட்டது. அம்மா நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள், தைத்தவர்கள், ராசியானவர்கள் எல்லாரும் பொருட்காட்சியின் கடைசி நாளுக்கு வந்தவர்கள் மாதிரி, கண்ணை இடுக்கிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார்கள். பெரியம்மை அழ ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "அன்னைக்கே சொல்லியிருக்கணும் தாயி. மழை வந்து மறந்துட்டேன்" என்றார். பிறகு கையைக் கூப்பிக்கொண்டு, வாழ்நாளெல்லாம் வாயில் அடக்கி வைத்திருந்ததைச் சொன்னார்: "போதும் தாயி. போதும்."

ஒன்றும் நடக்கவில்லை. கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. அண்ணாச்சி இன்னும் சத்தமாகச் சொன்னார். பெரியப்பா சொன்னார். கூட்டமே சொன்னது. தெருவில் போன ஐஸ் வண்டிக்காரர் என்னவென்று தெரியாமல் தானும் ஒன்று சொன்னார். நாலு மணி வெயில் அசையவே இல்லை. ஊர்க்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள், ஆனால் உள்ளுக்குள் அவர்களுக்கு நிம்மதிதான், எனக்குத் தெரியும். அம்மாவின் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனதை நான் மட்டும் பார்த்தேன்.

எல்லாரும் போனபிறகு பிடித்துக்கொண்டேன். "என்னம்மா சிரிச்ச?"

அம்மா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம், கல்யாணப் பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"அண்ணாச்சி சொன்னா அவிய எப்பிடி எறக்குவாவ? அன்னைக்கு வேட்டிக்குப் பின்னால நின்னுக்கிட்டு எனக்கு மட்டும் கேக்குத மாதிரி, 'அண்ணாச்சி கெடக்காரு. நீ போதும்னு சொல்லுத வரைக்கும் பிடிச்சிருப்பேன்'னு சொன்னாவ. எனக்கு வெக்கம். சொல்லல. பொறவு மழ வந்துட்டு."

"பொறவு சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னாப் போயிருவாவளே."

இத்தனை வருஷமும் ஊரெல்லாம் இலைக்குக் குறுக்கே கையைக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறது, அந்தச் சொல் இவள் வாயில்தான் இருந்திருக்கிறது. கோபம் வரவேண்டும், வரவில்லை. அவளுடைய கரிச்சில்லை எடுத்துவந்து மறுபடி அந்தக் கண்ணுக்குள் பார்த்தேன். அதே வேட்டி, அதே பாதம், தலைக்கு மேலே தூக்கிய அதே கை. நான் துணியோடு பிழைப்பு நடத்துகிறவள். ஒரு சேலையை விரித்து உயர்த்திப் பிடித்து வாடிக்கைக்காரிக்குக் காட்டினால் கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை இற்றுப்போகும். அதனால்தான் எனக்கு அது தோன்றியது, யோசித்துக் கேட்டதில்லை.

"அப்பாவுக்குக் கை கடுக்காதாம்மா?"

அம்மா ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் குளித்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்து அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள்: "இடது கை கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கு வெயிலு. வேட்டி அந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு. ரொம்ப நாளாவே பாக்கேன். காத்துல அசையுதுன்னு நெனச்சேன்." அவளே, "காத்துன்னு நெனச்சுக்கிட்டேன்" என்று திருத்தினாள். பிறகு அழுதாள். இடது பக்கக் கண்ணீர் வெளிச்சத்தில் பளபளத்தது, வலது பக்கக் கண்ணீர் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவளே புறப்பட்டாள். யாருக்கும் சொல்லவேண்டாம் என்றாள். கல்யாணச் சேலை இற்றுப் போயிருந்தது, அதனால் நல்லதாக ஒரு நூல் சேலை உடுத்திக்கொண்டாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன், பழக்கத்தில் இடது பக்கமாக. உப்பு மேட்டில் புதிதாக வாரிக் கொட்டிய அம்பாரம் நின்றது. வெயில் சாய்ந்து அடக்கமாக வந்திருந்தது. ஏன் இந்த நேரம் என்று கேட்டேன். "நாலு மணின்னா போறது அவ்வளவாத் தெரியாது" என்றாள்.

வெயிலை வலது பக்கம் பின்னால் வைத்து உட்கார்ந்தாள். முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவரவில்லையே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப் போய் எடுத்துவரவா என்றேன்.

"வேண்டாம். நான் பாத்த மொகந்தான். நீ பாரு." கரிச்சில்லை என் கையில் வைத்து, என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் முகத்துக்கு நேராக இழுத்து வைத்தாள். "இமை தட்டாமப் பாரு. பொறவு தெரியலன்னு எங்கிட்ட வந்து நிக்காத."

நான் பார்த்தேன். அம்மாவின் மூச்சு என் முகத்தில் பட்டது. அவள் எனக்குப் பின்னால், உயரத்தில், யாரையோ பார்க்கிற மாதிரி கண்ணை அகலத் திறந்து, இத்தனை வருஷம் கழித்தும் வெட்கம் போகாத குரலில் சொன்னாள்.

"போதும்ங்க. கைய எறக்குங்க."

விரல்கள் முதலில் அசைந்தன. பிறகு வேட்டியின் மேல் ஓரம் தாழ்ந்தது, மெல்ல, ஒரு பக்கம் முந்தியும் ஒரு பக்கம் பிந்தியும், கை மரத்துப்போன ஆள் இறக்குகிற மாதிரி. கறுத்த முடி, கலைந்திருந்தது. நெற்றியில் கல்யாணச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. என் புருவம். என்னுடையதைவிட நல்ல மூக்கு. என் மகன் வயதுகூட இருக்காது, அத்தனை சின்னவர். தோளைக் குலுக்கி வலியை உதறிக்கொண்டு, அவர் நேராக அம்மாவைப் பார்த்தார், படம் நன்றாக வந்ததா என்று கேட்கிற முகத்தோடு. கடுகளவு முகம்தான், எனக்கு வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அப்போது மேற்கே ஏதோ சத்தம் கேட்டது போலத் திரும்பினார், வேட்டியைக் கீழே போட்டார், உப்பை மூட ஓடினார்.

கரிச்சில்லுக்குள் எல்லாம் இருட்டாகிவிட்டது. அதை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அம்மாவின் இடது கன்னம் நிழலில் இருந்தது. வெயிலில் வெந்து, சுருக்கம் விழுந்து, மற்ற கன்னத்தைப் போலவே ஒரு கன்னம். நான் அதைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இன்னும் இருந்தது.

"எப்பிடி இருக்காவ?" என்றாள் அம்மா.

என்னென்னவோ சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது இதுதான். "வேர்த்திருக்கும்மா."

"மூக்கு நுனியிலா?"

"ஆமா."

"அவியளுக்கு அங்கதான் மொதல்ல வேர்க்கும்" என்று சொல்லிவிட்டு, அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.